கார் மெக்கானிக் படிப்பு: ஸ்பேனருக்கு முன்னால் மல்டிமீட்டர்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் உள்ள தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் (ஐடிஇ) மேற்குக் கல்லூரியில் ஆட்டோமோட்டிவ் படிக்கப்போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் பல தமிழ் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "கை கறுப்பாகிற வேலை எதுக்குப்பா?" கறுப்பாகத்தான் ஆகும். நைட்ரைல் கையுறை போட்டால் பாதி குறையும், அவ்வளவுதான். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பத்து வயதிலேயே கார்களை ஸ்க்ராப்புக்கு அனுப்பும் ஊரில், இன்ஜினே இல்லாத கார்கள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், பழுது பார்ப்பவருக்கு என்ன வேலை மிஞ்சும்?

விடை சிஓஇ, அதாவது ஏலத்தில் எடுக்கும் கார் உரிமைச் சான்றிதழின் கணக்கில் இருக்கிறது. 1990 மே மாதம் தொடங்கிய இந்த முறையில் காரின் உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குச் செல்லும். அது முடியும்போது காரைப் பதிவு நீக்கலாம், அல்லது கடைசி மூன்று மாத ஏலத்தொகையின் சராசரியைக் கட்டி 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். 5 ஆண்டு எடுத்தால் அதோடு முடிந்தது, மறுபடி புதுப்பிக்க முடியாது. வொர்க்‌ஷாப்புக்கு வரும் வேலையின் தன்மையை இதுதான் தீர்மானிக்கிறது. முதல் சில ஆண்டு கார் அதை விற்ற ஏஜென்டிடமே போகும்: எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட், திரும்ப அழைப்பு வேலைகள். அடுத்த சில ஆண்டு சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கத்துத் தனிக் கடைகளுக்கு வரும். ஒன்பதாம் ஆண்டில் உரிமையாளர் பையைத் திறக்கவே மாட்டார். "இன்னும் எட்டு மாசம்தான், ஓடினா போதும்" என்பார். சிஓஇ புதுப்பித்த பிறகு அதே ஆள் இன்ஜின் மவுன்ட், கன்ட்ரோல் ஆர்ம் புஷ், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் என்று தாராளமாகச் செலவழிப்பார். ஏலத்தொகை ஏறும் காலத்தில் பழைய காரையே வைத்துக்கொள்வோர் கூடுவார்கள். அப்போது தனிக் கடைகளில் காரைத் தூக்கும் லிஃப்ட் காலியாக இருக்காது.

2017 டிசம்பரில் சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதில், வெளியில் சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் ரத்து என்ற நிபந்தனையைக் கார் விற்பனையாளர்கள் நீக்கினார்கள். அதனால் உத்தரவாதக் காலத்துக் காரும் தனிக் கடைக்கு வரலாம். அங்கே செய்த வேலையில் கோளாறு வந்தால் பொறுப்பு அந்தக் கடைக்குத்தான். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த டார்க் (போல்ட்டை இறுக்கும் அளவு) என்று எழுதி வைக்கும் பழக்கம் உள்ள மெக்கானிக்குக் கடையில் மதிப்புக் கூடுவது இதனால்தான்.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முன்பு இரண்டு ஆண்டு நைட்டெக் (ஐடிஇ சான்றிதழ்), அதன்பின் தகுதி பெற்றவர்களுக்கு ஹையர் நைட்டெக் என்று இருந்தது. 2022 முதல் அதைப் படிப்படியாக மாற்றி, மூன்று ஆண்டில் நேராக ஹையர் நைட்டெக் பெறும்படி செய்திருக்கிறார்கள். வழக்கநிலை, சாதாரண நிலைத் தேர்வு முடித்தவர்கள் சேரலாம். இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், மின்சாரம், ஏர்கான், பழுது கண்டறிதல், பிறகு நிறுவனத்தில் பயிற்சி. அதற்கு மேல் போக இரண்டு வழி உண்டு. 4.0க்குக் கணக்கிடும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) நன்றாக இருந்தால் பலதுறைத் தொழிற்கல்லூரி. இல்லையென்றால் சம்பளத்தோடு படிக்கும் வொர்க்-ஸ்டடி டிப்ளோமா. வாரத்தின் பெரும்பகுதி நிறுவனத்தில், மீதி கல்லூரியில். 30 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமக்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த ஐடிஇ முன்னேற்ற விருதின்படி, ஐடிஇ முடித்த தகுதியுள்ளவர் டிப்ளோமாவில் சேரும்போது உயர்நிலைக் கல்விக்குப் பிந்தைய கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி, முடிக்கும்போது மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளி போடுகிறார்கள். டிப்ளோமாவைத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த வயது வரம்பை மறந்துவிடக் கூடாது.

இனி வகுப்பறை விஷயம். முதல் பருவத்தில் எல்லோரும் விரும்புவது இன்ஜினைக் கழற்றிப் பூட்டுவது. பிஸ்டன் ரிங் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளப்பதும் வால்வு டைமிங் குறிகளைச் சேர்ப்பதும் நல்ல பயிற்சிதான். ஆனால் சிங்கப்பூர்க் கடைகளில் இன்ஜினை முழுதாகப் பிரித்துப் பார்ப்பது குறைவு. கூலி அதிகம், கார் நிற்கும் நாளும் அதிகம். ஆகவே பெரும்பாலும் பழைய இன்ஜினையே மாற்றிவிடுவார்கள். மாணவர்கள் தூங்கி வழியும் மின்சார வகுப்புதான் பின்னால் சோறு போடும்.

மின்சாரத்தில் முதலில் கைவர வேண்டியது வோல்டேஜ் டிராப் சோதனை, அதாவது கம்பியில் எவ்வளவு மின்னழுத்தம் இழக்கப்படுகிறது என்று அளப்பது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது என்று வண்டி வந்தால், பழகாதவர் பேட்டரியை மாற்றுவார், அடுத்த நாள் ஸ்டார்ட்டரை மாற்றுவார், மூன்றாம் நாள் வண்டி அதே குறையோடு திரும்பி வரும். சரியான வழி பத்து நிமிட வேலை. எல்லாம் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இவை சரியென்றால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தண்டிலும் மறுமுனையை இன்ஜின் உடலிலும் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியில் துரு இருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். ஓம் மீட்டரில் இதே கம்பி நல்லதாகத் தெரியும், ஏனென்றால் அந்த மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் கம்பியின் குணம் வெளியே வரும். பளு இருக்கும்போது அள என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது கேன் பஸ். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறுக்கிய இரட்டைக் கம்பி அது. பழுதுக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் எந்த மாட்யூலோடும் (கம்ப்யூட்டரோடும்) பேச மறுத்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையே ஓமில் அளந்து பாருங்கள். அந்த பின்கள் பஸ்ஸோடு நேராக இணைந்த வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் இணையாகச் சேர்ந்து அறுபது. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில புது வண்டிகளில் கேட்வே என்ற தனி மாட்யூல் நடுவில் நிற்கும். அங்கே இந்த எண் பொருந்தாது, வயரிங் வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். வரைபடத்தைப் பார்க்கச் சோம்பல்படுவதுதான் இந்தத் தொழிலில் பணத்தை அதிகம் விழுங்கும் கெட்ட பழக்கம்.

ஸ்கேனர் பற்றியும் சொல்ல வேண்டும். பி0171 என்று கோட் வந்தால் இன்ஜின் 'லீன்' ஆக ஓடுகிறது என்று பொருள், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லி கோட் கேட்கவில்லை. சென்சார் பார்த்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஃபியூல் டிரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைப் பாருங்கள். ஐடிலில் (வண்டி நின்றபடி ஓடும்போது) 20 சதவீதம் கூட்டிக் காட்டி, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் அது சரியாகிவிட்டால் இன்டேக் பக்கம் காற்று கசிகிறது: வேக்யூம் ஹோஸ், பிசிவி வால்வு, மேனிஃபோல்ட் கேஸ்கட். வேகம் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றளவு சென்சாரில் அழுக்கு. முன்னதற்கு ஒரு ரப்பர் ஹோஸ், பின்னதற்கு ஒருவேளை பம்ப். விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே கோடுக்கு இரண்டு பில்.

கைவேலையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தில் வருபவை. எண்ணெய் மாற்றும்போது வடிகால் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் விட்டு, கசிவை நிறுத்த இன்னும் இறுக்கினால் அலுமினிய சம்ப்பின் (எண்ணெய்த் தொட்டி) மரை உருவிக்கொள்ளும். பத்து காசு பொருளுக்காக ஒரு சம்ப்பே போய்விடும். புது எண்ணெய் ஃபில்டரைப் போடும் முன் பழைய ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் எண்ணெய் மொத்தமும் கொட்டிவிடும். வீல் நட்டை ஏர் கன்னால் இறுக்கிவிட்டு அப்படியே அனுப்புவது இன்னொன்று. பல டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர். கன்னில் மெல்ல ஓட்டிவிட்டு, நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்ச் போடுவதுதான் முறை. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கையில் 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பின் 155. எனவே "நிறம் நல்லாத்தானே இருக்கு" என்று விடக் கூடாது. ஈரத்தைச் சோதிக்கும் பேனா கடைகளில் கிடைக்கிறது.

பரிசோதனைக்கு முந்தைய வேலை இந்த ஊருக்கே உரியது. மூன்று வயதுக்கு மேல் பத்து வயது வரை கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து தாண்டினால் ஆண்டுதோறும், டாக்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. விக்காம் போன்ற நிலையங்களில் பிரேக் திறன், புகை, ஹெட்லைட் கோணம், டயரின் பள்ளம் எல்லாம் பார்ப்பார்கள். பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். கடிதம் வந்தபின் ஓடிவரும் வாடிக்கையாளருக்கு இவற்றை அரை மணியில் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் எந்தக் கடையிலும் வேலைக்குத் தேவைப்படுவார்.

அடுத்தது ஏர்கான். ஆண்டு முழுதும் கோடை என்பதால் இங்கே இது ஓயாத வேலை, கூலியும் மோசமில்லை. இதில் கேஜ் (அழுத்தம் காட்டும் கருவி) படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். வண்டி நின்று ஆறியிருக்கும்போது இரண்டு கேஜும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஆர்134ஏ வாயுவுக்கு 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 6.7 பார் அழுத்தம். இந்த எண் உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லாது, சிறிதளவு திரவம் இருந்தாலே அதே அழுத்தம் வரும். ஓடும்போது தாழ்பக்கம் (குறைந்த அழுத்தப் பக்கம்) 2 பார் சுற்றி, உயர்பக்கம் (அதிக அழுத்தப் பக்கம்) 14 முதல் 18 பார் இருந்தால் ஆரோக்கியம். இரண்டுமே தாழ்ந்தால் வாயு குறைவு. தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கினால் கம்ப்ரசர் ஓய்ந்துவிட்டது. இரண்டுமே ஏறினால் முதலில் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, வாயு அளவுக்கு மேல் ஏற்றப்பட்டதா என்று பாருங்கள். வாயுவை கேஜ் பார்த்து ஊகித்து ஏற்றக் கூடாது. பழையதை இயந்திரத்தில் உறிஞ்சி, அரை மணியாவது வேக்யூம் பிடித்து, பானட்டில் ஒட்டியிருக்கும் கிராம் அளவைத் தராசில் ஏற்ற வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் ஆர்1234ஒய்எஃப் வருகிறது. லேசாகத் தீப்பற்றும், விலையும் பல மடங்கு. இரண்டையும் ஒரே இயந்திரத்தில் கலக்கவே கூடாது.

மின்சார கார் விஷயத்துக்கு வருவோம். 2025 ஜனவரி 1 முதல் புது டீசல் கார், டீசல் டாக்சி பதிவு இல்லை. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும். அதே ஆண்டுக்குள் 60,000 சார்ஜிங் முனைகள் இலக்கு. 2025இல் இங்கு அதிகம் விற்ற கார் பிராண்டே சீனாவின் பிஒய்டி. எண்ணெய், ஸ்பார்க் பிளக், டைமிங் செயின் வேலை மின்சார கார்களில் இல்லை. மிச்சம் இருப்பது டயர், சஸ்பென்ஷன் புஷ், கேபின் ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், ஏர்கான், அப்புறம் அந்த 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் சின்ன பேட்டரி செத்தால் கதவே திறக்காது என்பது பலருக்கு இன்னும் புதுச் செய்தி. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் தேயாது, ஆனால் அந்தக் காரணத்தாலேயே டிஸ்க் துருப்பிடிக்கும், கேலிப்பர் பின் இறுகும். நம் மழைக்குக் கேட்கவா வேண்டும். பேட் தடிமன் மட்டும் பார்த்து "சரி" என்று எழுதினால் போதாது, பின்னைக் கழற்றிக் கிரீஸ் போட வேண்டும்.

உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பியைத் தொடும் முன் வரிசை மாறக் கூடாது. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் ஆபத்து. இந்தக் கார்கள் பெரும்பாலும் 400 வோல்ட் சுற்றில், சில 800இல் ஓடுகின்றன. வண்டியை அணைத்து, சாவியைத் தொலைவில் பூட்டி வைத்து, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் டிஸ்கனெக்டை எடுத்துத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கெபாசிட்டர் வடிய உற்பத்தியாளர் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் வழக்கம். 1,000 வோல்ட் தரம் உள்ள மீட்டரைத் தெரிந்த ஒரு பேட்டரியில் முதலில் சோதித்து, பிறகு சுற்றில் அளந்து, மறுபடியும் அதே பேட்டரியில் சோதிக்க வேண்டும். நடுவில் மீட்டர் செத்திருந்தால் "பூஜ்யம்" என்று பொய் சொல்லும், அதற்காகத்தான் மூன்றாவது அளவு.

இந்தக் கார்களின் ஏர்கானில் ஒரு பொறி இருக்கிறது. கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் அதற்குப் பிஓஇ என்ற எண்ணெய் போடுவார்கள், அது மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரண காரின் பிஏஜி எண்ணெய் தங்கிய ஹோஸையே இதில் மாட்டினால், அந்தக் கொஞ்சமும் உள்ளே போய் இன்சுலேஷன் கோளாறு காட்டி வண்டி நின்றுவிடும். கம்ப்ரசரையே மாற்ற வேண்டி வரலாம். லிஃப்டில் ஏற்றுவதும் வேறு மாதிரி. தரையடியில் பேட்டரி பரந்திருப்பதால், லிஃப்டின் பேட் வைக்க வேண்டிய இடம் தவறினால் பேட்டரி உறை நசுங்கும். எடையும் கூடுதல். சக்கரம் தரையை விட்டு நாலு விரல் எழும்பியதும் நிறுத்தி, வண்டியை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். இந்தத் துறைக்கென 'நெஸ்' என்ற தேசிய மின்வாகனப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது. படிக்கும் காலத்திலேயே அதை நோக்கிப் போகிறவர்களுக்கு வேலை கிடைப்பது எளிது.

எங்கே சேர்வது? ஏஜென்ட் வொர்க்‌ஷாப்பில் உற்பத்தியாளரின் பயிற்சியும் சரியான கருவியும் கிடைக்கும். ஆனால் ஒரே பிராண்ட், ஒரே வகை வேலை. தனிக் கடையில் காலையில் ஹோண்டா, மதியம் வேன், மாலையில் பென்ஸ். அங்கே நல்ல ஃபோர்மேன் இருந்தால் இரண்டு ஆண்டில் நிறையக் கற்கலாம். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டும் எண்ணெய் வடித்துக்கொண்டிருப்பீர்கள். பேருந்து நிறுவனங்களின் பணிமனைகளைப் பலர் யோசிப்பதே இல்லை. ஷிஃப்ட் உண்டு, இரவு வேலை உண்டு. ஆனால் சம்பள அமைப்பும் பதவி உயர்வும் எழுத்தில் இருக்கும், மின்சாரப் பேருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. பரிசோதனை நிலையம், காப்பீட்டுக்காக விபத்துச் சேதம் மதிப்பிடுவோர், உதிரிபாக விற்பனை, சர்வீஸ் அட்வைசர் எல்லாம் முதுகு வலிக்கத் தொடங்கிய பின்னும் போகக்கூடிய இடங்கள். சர்வீஸ் அட்வைசர் வேலையில் தமிழ், மலாய், சீனம் கொஞ்சம் கலந்து பேசத் தெரிந்தவருக்குத் தனி வரவேற்பு.

சம்பளத்தில் அடிப்படைத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. உடலுழைப்பு வேலை என்பதால், மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மிகாத மெக்கானிக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது வேலை நியமனச் சட்டம். வாரத்துக்கு 44 மணி நேரம் சாதாரண வேலை, மாதத்துக்கு 72 மணி வரை கூடுதல் நேரம். அடிப்படை 2,200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதைப் பன்னிரண்டால் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கிய 2,288ஆல் வகுத்தால் மணிக்கு 11.54 வெள்ளி, கூடுதல் நேரத்துக்கு 17.31. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொல்லும் கடையிடம் அந்த 'எல்லாம்' எதெது என்று கேளுங்கள். மத்திய சேமநிதி கட்டுகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஜோகூரிலிருந்து பாலம் கடந்து தினமும் வரும் அனுபவசாலிகளோடு அடிப்படை வேலைக்குப் போட்டி உண்டு. எண்ணெய் மாற்றும் திறனுக்குச் சம்பளம் ஏறாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழுது கண்டறியத் தெரிந்தவருக்கு அந்தப் போட்டி குறைவு.

ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் தேசிய சேவை வரும். ராணுவத்தில் வாகனப் பராமரிப்புப் பிரிவு உண்டு, ஆனால் அங்கேதான் போடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பதினெட்டு ஆனதும் ஓட்டுநர் உரிமம் எடுங்கள், அதுவும் ஆட்டோவுக்கு மட்டுமான 3ஏ வேண்டாம், கியர் உள்ள கிளாஸ் 3. வாடிக்கையாளரின் கியர் வேனை ஓட்டிப் பார்க்க முடியாத மெக்கானிக்கைக் கடைக்காரர் விரும்ப மாட்டார்.

கருவி வாங்க அப்பா காசு கொடுத்தால் முதலில் பளபளக்கும் பெரிய டூல்பாக்ஸ் வாங்க வேண்டாம். 10, 12, 14, 17 மில்லிமீட்டர் சாக்கெட், கால் அங்குல ரேட்செட், தலையில் மாட்டும் விளக்கு, 1,000 வோல்ட் கேட்-3 பாதுகாப்புத் தரமுள்ள மல்டிமீட்டர், கூர்முனை புரோப்கள் இருந்தால் முதல் ஆண்டு ஓடிவிடும். 10 மில்லிமீட்டரில் இரண்டு வாங்குங்கள். ஒன்று நிச்சயம் இன்ஜின் பேயில் விழுந்து தொலையும்.